கத்தரி படாத நூல்

அஞ்சலாட்சியின் கை சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. ரேஷன் கடை வரிசையில் நின்றாலும் சரி, டெம்போவில் நெருக்கியடித்து உட்கார்ந்தாலும் சரி, மடியில் ஒரு உல்லன் நூல் பந்து உருண்டுகொண்டிருக்கும். வலது கையில் குரோஷா ஊசி தன் கொக்கி மூக்கை நீட்டி நீட்டி நூலைக் கவ்வி இழுத்துக்கொண்டிருக்கும். முதலியார்பேட்டையில் அவள் குடியிருந்த தெருவில் அவள் பின்னிய சாமான் இல்லாத வீடு கிடையாது. டிவி மேல் விரிப்பு, வாசல் நிலையில் தோரணம், ஜன்னல் கம்பியில் ஆடும் கிளி, சாவிக்கொத்தில் தொங்கும் சிவப்பு மிளகாய். செல்போன் வந்த பிறகு அதற்கும் ஒரு சட்டை.

"ஊரு போனுக்கெல்லாம் சட்ட போடுற. கட்டுன புருசனுக்கு ஒரு கோமணமாவது பின்னிக் குடுத்தியாடி?" என்பான் இராமதாஸ்.

"குடுப்பேன். உல்லன்ல கட்டுனா அரிக்கும். தெருவுல நின்னு சொறிஞ்சிக்கிட்டிருந்தா எனக்குத்தான் மானக்கேடு" என்பாள் அவள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

ஊசி பழையது. அவள் அம்மா ஒரு சொல்தா வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய வீடு அது. அந்த வீட்டு மதாம் மாடி வராந்தாவில் உட்கார்ந்து பின்னுவதை, முற்றத்தில் சாம்பலை அள்ளிக்கொண்டே சிறுமி அஞ்சலாட்சி பார்ப்பாள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒருநாள் குப்பையில் தண்டு வளைந்த ஊசி ஒன்று வந்தது. நிமிர்த்தி எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஆனால் நூலைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் வேலை பார்த்த பஞ்சு மில் சொல்லிக்கொடுத்தது. நூலைக் கோனில் சுற்றும் ஒயிண்டிங் பிரிவில் நின்று நின்று அவள் கெண்டைக்கால் நரம்பு சுருண்டுபோயிருக்கிறது. அறுந்த நூலைப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும், முடிச்சுக்கு மிஞ்சிய வாலை ஒட்டக் கத்தரித்துவிட வேண்டும். வால் நீண்டால் தறியில் போய் மற்ற நூலோடு சுற்றிக்கொண்டு எல்லாவற்றையும் இழுத்துக் கெடுக்கும். வால் விட்டவளை மேஸ்திரி எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்பான்: "ஏன், வூட்ல மாடு கீடு இல்லியா, இங்க வந்து வால் வுடுற?" பெண்கள் சிரிப்பார்கள். சிரிக்காதவள் அடுத்து மாட்டப்போகிறவள். மில் மூடி ஆட்களை அனுப்பிவிட்ட பிறகும் அவள் கைக்கு அந்தப் பயம் போகவில்லை. எதைப் பின்னினாலும் கடைசியில் வாலை நாலு கண்ணிக்குள் நுழைத்து, இழுத்து, ஒட்ட நறுக்கிவிடுவாள். உள்பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எது முகம் எது முதுகு என்று தெரியாது.

அவளுக்குப் பிள்ளையில்லை. அதை அவள் மறந்தாலும் தெரு மறக்காது. வளைகாப்புக்குக் கூப்பிடுவார்கள், வளையல் அடுக்கக் கூப்பிடமாட்டார்கள். பிள்ளை பார்க்கப் போனால் உட்கார நாற்காலி போடுவார்கள், பிள்ளையை மடியில் போடமாட்டார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "தூங்குதும்மா, எழுப்ப வேணாம்" என்பார்கள், பிள்ளை கண்ணை முழித்துக்கொண்டிருக்கும்போதே. ஆனால் அவள் பின்னிக் கொண்டுபோன குல்லாவை வாங்கிக்கொள்வார்கள். அழகாக இருக்கிறது என்று போட்டும் பார்ப்பார்கள். அவள் கை போகக்கூடாத இடத்துக்கெல்லாம் அவள் பின்னல் போய் உட்கார்ந்துகொண்டது. அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. போதவில்லை என்றாலும் வேறு வழி எது?

அந்த வருஷம் கார்த்திகையில், அடைமழைக்கு நடுவே, அவள் தம்பி வெற்றிச்செல்வனுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. அவன் பெண்டாட்டி பூவிழிக்கு இதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. அதனால் இந்தப் பிள்ளையை எல்லாரும் பயந்து பயந்துதான் தொட்டார்கள். பூவிழி மூலக்குளத்தில் தாய் வீட்டில் இருந்தாள். தாய் மணியம்மாள் வாசலில் வேப்பிலை செருகி, வருகிறவர் போகிறவர் காலையெல்லாம் தண்ணீர் ஊற்றிக் கழுவவைத்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை பார்க்கப் போன அஞ்சலாட்சி பையிலிருந்து மஞ்சள் நூலை எடுத்ததும் மணியம்மாள் கேட்டாள்: "இன்னாம்மா அது?"

"கால் சாக்ஸ் அத்த. மழையா இருக்குதே, புள்ளைக்குக் கதகதன்னு இருக்கும்."

"பின்னு, வேணாங்கல. ஆனா தொட்டில் போட்டு முப்பது நாள் கழியிற வரைக்கும் புள்ள துணியில கத்தரி படக்கூடாது. நாங்க பழைய வேட்டியக்கூடக் கையாலதான் கிழிப்போம். எங்க வழக்கம் அது. ஏற்கெனவே ரெண்டு போயிடுச்சி."

"நூல் வால அறுக்காம எப்படி அத்த முடிக்கிறது?"

"உள்ளார சொருவி வுடேன். காலுக்குள்ள எவன் வந்து எட்டிப் பாக்கப்போறான்?"

பூவிழி சிரித்தாள். அஞ்சலாட்சியும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து பின்னினாள். பெருவிரல் பக்கம் தொடங்கி, வட்டமாகச் சுற்றி, குதிகாலில் திருப்பி, கணுக்காலில் கொண்டுவந்து முடித்தாள். கணுக்காலில் மிஞ்சிய நூலைக் கயிறாக முறுக்கி, இழுத்துக் கட்டிக்கொள்ளும்படி விட்டாள். தொடங்கிய இடத்து வால்தான் விரல் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. கை தன்பாட்டுக்குக் கத்தரியைத் தேடியது. எடுத்த கத்தரியைத் திரும்ப வைத்தாள். வாலைச் சுருட்டி உள்ளே தள்ளினாள். பல் இடுக்கில் சிக்கிய கீரைநார் மாதிரி அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

அதே வாரம் ஹேமலதாவுக்கும் ஒரு ஜோடி பின்னினாள். ஹேமலதா கல்யாணத்துக்கு முன் இதே தெருவில் வளர்ந்தவள். இப்போது அரசாங்க ஆபீசில் வேலை, லாஸ்பேட்டையில் குவார்ட்டர்ஸ். அவளுக்கும் கைப்பிள்ளை. பச்சை நூல். ஹேமலதா வீட்டில் கத்தரி வழக்கமெல்லாம் கிடையாது. இருந்தாலும் அஞ்சலாட்சி யோசித்தாள்: ஒரு பிள்ளைக்கு ஆகாதது இன்னொரு பிள்ளைக்கு மட்டும் ஆகுமா? அதிலும் வாலை அறுக்காமல் உள்ளே சுருட்டிவிட்டாள். ஹேமலதாவின் அம்மா அஞ்சலாட்சி வீட்டுக்கு எதிர்வரிசைதான். அவளிடம் கொடுத்தனுப்பினாள்.

தொட்டில் போடுகிற நாளன்று மூலக்குளத்து வீடு நிறைந்திருந்தது. அத்தைக்காரிதான் பிள்ளையை எடுத்துத் தொட்டிலில் போட வேண்டும், காதில் பெயர் சொல்ல வேண்டும். அஞ்சலாட்சி புதுப்புடவை கட்டி, இராமதாசைச் சட்டையை உள்ளே விடச் சொல்லி அழைத்துப் போயிருந்தாள். நேரம் வந்தபோது மணியம்மாள் கூட்டத்துக்குள் திரும்பி, வெற்றிச்செல்வனின் ஒன்றுவிட்ட தங்கையை, மூன்று பிள்ளை பெற்றவளை, கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "நீ வாடி. நிறைஞ்ச வவுறு நீ." அவள்தான் பிள்ளையைத் தூக்கினாள். மதிவாணன், மதிவாணன் என்று காதில் ஓதினாள். வெற்றிச்செல்வன் அக்காவைப் பார்க்காமல் மேலே கூரையைப் பார்த்தான்.

பூவிழிக்குத்தான் மனசு கேட்கவில்லை. "அண்ணி, நீங்க பின்னுனத நீங்களே போட்டு வுடுங்க" என்றாள்.

அஞ்சலாட்சி தொட்டிலுக்குள் கையை விட்டாள். ரோஜா மொட்டுபோல் இருந்த காலை உள்ளங்கையில் ஏந்தி, மஞ்சள் உறையை மாட்டி, கணுக்காலில் கயிற்றைக் கட்டினாள். பிள்ளை காலை உதைத்தது. உதைத்த வேகம் அவள் உள்ளங்கையில் வெகுநேரம் இருந்தது. மணியம்மாள் பின்னால் நின்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் தம்பி போன் செய்தான்.

"அக்கா, புள்ள நேத்து சாயந்தரத்துலேர்ந்து நிறுத்தாம அழுவுது. பால் குடிக்க மாட்டேங்குது. இப்பதான் தர்காவுல மந்திரிச்சிக்கிட்டு வந்தோம்."

"ஜொரம் இருக்குதா?"

"இல்ல. வவுறும் கல்லாட்டம் இல்ல. ஓமத்தண்ணி குடுத்தாச்சி." குரலைத் தாழ்த்தினான். "அக்கா, தப்பா எடுத்துக்காத. நீ ஒரு பத்து நாளைக்கு இந்தப் பக்கம் வர வேணாம்."

"நீ சொல்றியாடா, உங்க மாமியா சொல்றாளா?"

"யாரு சொன்னா இன்னாக்கா. வராத, அவ்வளவுதான்."

அவள் போனை அதன் சட்டைக்குள் திணித்துவிட்டுப் பின்ன உட்கார்ந்தாள். என்ன பின்னுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. நூலை இடது ஆள்காட்டி விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டு, ஊசியைக் குத்திக் குத்தி இழுத்தாள். வாய் முணுமுணுத்தது. நான் பார்த்தால் பட்டுவிடுமா? என் கண் என்ன கொள்ளிக்கட்டையா? கோபம் ஏற ஏற நூல் விரலை இறுக்கியது.

குளித்துவிட்டு வந்த இராமதாஸ் துண்டோடு நின்றான். "இன்னாடி கை அது, நாவப்பழமாட்டம்?"

குனிந்து பார்த்தாள். விரல் நுனி கருநீலமாக வீங்கிப் பளபளத்தது. நூல் சதைக்குள் இறங்கியிருந்தது. அவிழ்த்ததும் ரத்தம் திரும்பும்போது ஊசி ஊசியாகக் குத்தியது. எவ்வளவு வலி! ஆனால் அவிழ்க்கும்வரை அவளுக்குத் தெரியவே இல்லையே. கோபத்தில் தெரியவில்லை.

விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அந்த மஞ்சள் வால் அவள் கண்ணுக்குள் வந்தது. பெருவிரல் பக்கம், உள்ளே, சுருட்டித் தள்ளிய வால். உதைக்கிற கால். உதைக்க உதைக்கச் சுற்றிக்கொள்ளும். தறியில் சுற்றிக்கொள்கிற மாதிரி.

"குளிப்பாட்டும்போது கழட்டியிருப்பாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உடனே நினைவு வந்தது. மந்திரித்த பிள்ளைக்கு அன்றைக்குத் தண்ணீர் ஊற்றமாட்டார்கள். காலையில் எழுந்ததும் தர்காவுக்கு ஓடியிருக்கிறார்கள். மழைக்குளிர் வேறு. உறை காலிலேயேதான் இருக்கிறது.

தம்பிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவள் எண்ணைப் பார்த்துவிட்டு எடுக்காமல் இருப்பான். "வண்டிய எடு" என்றாள் இராமதாசிடம்.

"வர வேணான்னுதானே சொன்னான்?"

"எடுன்னா எடுய்யா."

வில்லியனூர் ரோடு முழுக்கத் தண்ணீர். மொபெட்டின் பின்னால் ஒருச்சாய்த்து உட்கார்ந்து, அவள் இராமதாசின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். இருக்காது, எறும்பாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். எறும்பாக இருக்க வேண்டும் என்று செங்கழுநீர் அம்மனுக்கு ஒரு வேண்டுதலும் போட்டாள். ரெட்டியார்பாளையம் தாண்டும்போது இன்னொன்றும் தோன்றியது. எறும்பாக இல்லாவிட்டால்? அவர்கள் இத்தனை நாள் முதுகுக்குப் பின்னால் சொன்னதை முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். அதுவும் பொய்யென்று சொல்ல முடியாதபடி.

மூலக்குளத்து வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் நசுங்கிக் கிடந்தன. உள்ளேயிருந்து வந்தது அழுகையாக இல்லை. அழுது அழுது தீர்ந்துபோய், கீச் கீச்சென்று கதவுக்கீல் மாதிரி ஒரு முனகல். மணியம்மாள் வாசற்படியில் குறுக்கே கையை நீட்டினாள்.

"எங்க வந்த? உன் தம்பி சொல்லல?"

"புள்ளைய ஒருதரம் பாத்துட்டுப் போயிடறேன் அத்த."

"நேத்து பாத்தது போதாதா?"

அஞ்சலாட்சி அந்தக் கையைத் தள்ளிக்கொண்டு போனாள். மூட்டை மூட்டையாகக் கோன் சுமந்த தோள் அது. மணியம்மாள் சுவரில் போய்ச் சாய்ந்தாள். "அடியே பூவிழி, புள்ளைய மூடுடி!"

பூவிழி கட்டிலில் பேயறைந்தவள்போல் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை. வெற்றிச்செல்வன் எழுந்தான். "அக்கா, உனக்கு எத்தினி தபா..."

"சாக்ஸுக்குள்ள எறும்பு பூந்திருக்கும்டா. கழட்டிப் பாக்கலாம். பாத்துட்டுப் போயிடறேன்."

இடது காலை உருவினாள். ஒன்றுமில்லை. வெள்ளரிப்பிஞ்சு மாதிரி ஐந்து விரல்கள். அவளுக்கு மூச்சு வந்தது. வலது காலில் கயிற்றை அவிழ்த்து இழுத்தாள். உறை பாதிவரை வந்து நின்றது. பிள்ளை உடம்பை வில்லாக வளைத்துக் கத்தியது. அவள் விரலை உள்ளே விட்டுத் தடவினாள். விறைப்பாக, கம்பி மாதிரி, நூல் உறையிலிருந்து விரலுக்குப் போயிருந்தது.

அறையில் மூன்று பேர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் குனிந்தாள். பிள்ளையின் காலை முகத்தோடு சேர்த்துக்கொண்டு, மில்லில் கத்தரி கிடைக்காத நேரத்தில் செய்கிற மாதிரி, நூலைப் பல்லில் பிடித்து ஒரே கடியில் அறுத்தாள். உறை கையோடு வந்தது. அதைக் கசக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். யாருக்கும் தெரிந்திருக்காது, காலை முத்தமிட்டதாக நினைத்திருப்பார்கள் என்று அவள் நினைத்தாள்.

பெருவிரலுக்கு அடுத்த விரல் கருத்திருந்தது. நுனி வீங்கித் திராட்சை மாதிரி மின்னியது. அடியில் ஒரு பள்ளம், சுற்றிலும். பள்ளத்துக்குள் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. சதை மூடிவிட்டிருந்தது.

"ஐயோ" என்றாள் பூவிழி. 

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கை இழுத்துவைத்துப் பார்த்தாள். நுனி மெல்லிய கத்தரியை எடுத்தபோது மணியம்மாள், "கத்தரி வேணாம்மா, முப்பது கழியல" என்று கையைப் பிடிக்கப் போனாள். நர்ஸ் அவளை வெளியே கொண்டுபோய் நிறுத்தினாள். பிள்ளை வீறிட்டது. கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா எதையோ தட்டில் போட்டாள். ரத்தத்தில் ஊறிக் கருத்த ஒரு இழை. நிறம் தெரியாத இழை.

"முடியோ நூலோ விரல்ல சுத்திக்கிட்டிருக்கு. வேற புள்ளைங்களுக்கும் இப்படி வர்றதுண்டு. கவனிக்கணும்மா. என்ன போட்டிருந்தீங்க கால்ல?"

வெற்றிச்செல்வன் அக்காவைப் பார்த்தான். ஒரு நொடிதான். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, பூவிழியைக் காட்டி, "இவளுக்குப் புள்ள பொறந்ததுலேர்ந்து முடி கொட்டுதும்மா. கொத்துக் கொத்தா. அதான் சுத்திக்கிச்சி போல" என்றான்.

அஞ்சலாட்சிக்கு இடுப்பில் செருகிய உறை தணல்மாதிரி சுட்டது. இப்போது சொல்லலாம். வாயைத் திறந்தால் போதும். அவள் திறந்தாள். "ஆமாம்மா, முடிதான் இருக்கும்" என்றாள்.

"நாளைக்குக் கட்டுப் பிரிச்சுப் பாக்கலாம். நிறம் திரும்பினா நல்லது" என்றாள் டாக்டரம்மா. திரும்பாவிட்டால் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் அந்தப் பச்சை ஜோடி நினைவு வந்தது. வராமல் எப்படி இருக்கும்? லாஸ்பேட்டைக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். என்ன சொல்லி வாங்குவது? அளவு சரியில்லை, பிரித்துப் பின்னித் தருகிறேன் என்று சொல்லலாம். ஆனால் ஹேமலதா கூர்மையானவள், ஏன் என்று கேட்பாள். இன்றைக்கு மூலக்குளத்தில் இப்படி, இன்றைக்கே இவள் வந்து உறையைத் திருப்பிக் கேட்கிறாள் என்றால் இரண்டையும் கூட்டிப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? அது முடிதான் என்று தம்பியே சொல்லிவிட்டான். முடியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். நாளைக்குப் போகலாம். ஹேமலதா வீட்டில் தினம் குளிப்பாட்டுவார்கள், கழற்றி மாட்டுவார்கள், ஒன்றும் ஆகாது. இப்படியே சொல்லிச் சொல்லி அவள் வீடு வந்து சேர்ந்தாள்.

மறுநாள் காலை கோலம் போடக் கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

வெளி கிரில் கம்பியில் ஒரு கிளி தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு தோரணம், மடித்து. டிவி விரிப்பு ஒன்று பாலித்தீன் பைக்குள். சாவிக்கொத்து மிளகாய். போன் சட்டைகள். குல்லாக்கள். இரவு பெய்த மழையில் எல்லாம் நனைந்து, சாயம் சொட்டச் சொட்ட, கசாப்புக்கடையில் மாட்டிவைத்ததுபோல் தொங்கின. யாரும் கூப்பிடவில்லை, யாரும் கதவைத் தட்டவில்லை. அவள் பார்க்கும்போதே அடுத்த வீட்டுச் சின்னக்கண்ணு ஒரு பூச்சாடி விரிப்பைக் கம்பியில் செருகிவிட்டுத் திரும்பினான். அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தான்.

"இன்னாடா சின்னக்கண்ணு இது?"

"எனக்கொண்ணும் தெரியாதுக்கா. வூட்ல குடுத்தாங்க, கொண்ணாந்து வெச்சேன்."

இராமதாஸ் தெருமுனை டீக்கடைக்குப் போய்விட்டு வந்தான். டீ குடித்த முகமாக இல்லை. "உன் தம்பி மாமியா ஊரெல்லாம் போன் போட்டிருக்குது. புள்ள வெரல்ல நீ நூல் கட்டி வெச்சிட்டியாம். அப்புறம் நீயே போயி வாய் வெச்சிக் கடிச்சி எடுத்தியாம். கட்டுனவளாலதானே அவுக்க முடியும்னு பேசிக்கிறானுங்க." அவளை நேராகப் பார்த்தான். "கடிச்சியா இன்னா?"

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்ததைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தாள். எல்லாம் ஒட்ட நறுக்கிய வால்கள். சுத்தமான வேலை. எந்த மேஸ்திரி வந்தாலும் ஒரு குறை சொல்ல முடியாது. செய்யாத சூனியத்துக்குப் பயந்து ஒன்றுமறியாத கிளியையும் மிளகாயையும் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். பச்சை ஜோடி மட்டும் அதில் இல்லை. கம்பியின் கீழே, சாக்கடை ஓரம், படிக்கு அடியில், எங்கேயும் இல்லை.

தம்பி போன் செய்தானோ என்று எடுத்துப் பார்த்தாள். செய்யவில்லை. அவள் போட்டாள். எடுத்தவன், "கட்டுப் பிரிச்சாங்க. இன்னும் கருப்பாத்தான் இருக்குது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

புடவையை மாற்றிக்கொண்டு லாஸ்பேட்டைக்குக் கிளம்ப வேண்டும் என்று எழுந்தாள். அப்போது போன் அடித்தது. ஹேமலதா.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? நான் கேள்விப்பட்டேன்க்கா. எங்கம்மா காலையிலேயே போன் பண்ணி ஒரே புலம்பல். கேக்கவே அசிங்கமா இருக்கு. எந்தக் காலத்துல இருக்காங்க இவங்கல்லாம்?"

"ஹேமா..."

"இருங்க, நான் சொல்லி முடிச்சிடறேன். அந்தப் பச்ச சாக்ஸக் கொளுத்திப்போடுன்னு எங்கம்மா ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. நான் மாட்டவே மாட்டேன்னுட்டேன். படிச்சிட்டு வேலைக்குப் போறவ நான், நானே இதையெல்லாம் நம்புனா எப்படி? நீங்க ஒண்ணும் மனசுல வெச்சிக்காதீங்க. உங்களுக்கு யாரும் இல்லன்னு நெனைக்காதீங்க. நான் இருக்கேன்."

எதிர்வரிசைக் குழாயடியில் நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். ஹேமலதாவின் அம்மாவும் நின்றாள். எல்லார் கண்ணும் இந்த வாசலில்தான்.  இத்தனை வருஷத்தில் ஒருத்தியும் அவளிடம் இப்படிப் பேசியதில்லை. அழுதுவிடுவோமோ என்று உதட்டைக் கடித்தாள். அப்போதுதான் போனுக்குள், ஹேமலதாவின் குரலுக்குப் பின்னால், அது கேட்டது.

"ஹேமா, புள்ள ஏன் அழுவுறான்?"

"அவனா? நேத்து மத்தியானத்துலேர்ந்து இப்படித்தான்க்கா, நை நைன்னு. சளி. ரெண்டு நாளா தண்ணிகூட ஊத்தல. சூடா வெச்சிக்கணும்னு நீங்க குடுத்த சாக்ஸத்தான் மாட்டி வெச்சிருக்கேன். கழட்டவே இல்ல. எங்கம்மாகிட்டயும் சொல்லிட்டேன், வேணும்னேதான் போட்டிருக்கேன்னு."

முனகல் அவளுக்குத் தெரிந்த முனகல். கதவுக்கீல் சத்தம்.

"கழட்டு" என்றாள் அஞ்சலாட்சி.

"என்னக்கா?"

"சாக்ஸக் கழட்டுடி. இப்பவே. இழுக்காத, உள்ள வெரல வுட்டுப் பாரு. நூல் இருக்கும்."

"அக்கா, நீங்களே இப்படிப் பேசுனா..."

"சூனியமும் இல்ல, மண்ணும் இல்லடி!" குரல் தெருவுக்குக் கேட்டது. கேட்கட்டும். குழாயடியில் ஒரு குடம் நிரம்பி வழிந்தது, யாரும் அதை எடுக்கவில்லை. "வால அறுக்காம வுட்டுட்டேன். நான்தான் வுட்டேன். மதிவாணன் கால்ல இருந்தது முடியில்ல, என் நூலு. எனக்குத் தெரியும், தெரிஞ்சே முடின்னு சொன்னேன். உன் புள்ள கால்லயும் அதே வால்தான் இருக்குது. கழட்டுடி!"

மறுமுனையில் போனை எதன் மேலோ வைக்கிற சத்தம். காலடி. பிள்ளையின் முனகல் நெருங்கியது, பிறகு திடீரென்று ஓர் அலறலாக எழுந்தது. வில்லாக வளைகிற உடம்பை அஞ்சலாட்சி கண்ணை மூடாமலே பார்த்தாள். இராமதாஸ் நூல் குவியலுக்கு நடுவே நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஹேமா? ஹேமா, சொல்லுடி."

பதில் அவளுக்கு வரவில்லை. வீட்டுக்குள்ளிருந்து, யாரையோ பார்த்து, ஹேமலதாவின் குரல்தான் வந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பேசிய குரலாக அது இல்லை.

"ஏங்க, கத்தரி எங்க வெச்சீங்க? ஏங்க! கத்தரி!"